டின்னில் இருப்பது உணவா, வாக்குறுதியா?



பருப்பு விலை, வரி, லைசென்ஸ், எடைக்கல் முத்திரை என்று நம் தொழிலின் அன்றாடத் தொல்லைகளை இந்தப் பக்கத்தில் பேசி வருகிறோம். இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருப்பது சற்றுப் புதிய சரக்கு. உடலை முறுக்கேற்றும் பவுடர்களும் மாத்திரைகளும் மளிகைக் கடை அலமாரிக்குள் நுழைந்துகொண்டிருக்கின்றன. பத்து ஆண்டுகளுக்கு முன்பு பெரிய நகரங்களில் தனிக் கடைகளில் மட்டும் கிடைத்த டின்கள், இன்று சின்ன ஊர்களில்கூட சோப்புக்கும் சேமியாவுக்கும் நடுவில் நிற்கின்றன. தெருவுக்கு ஒரு ஜிம் வந்த பிறகு இது எதிர்பார்க்க வேண்டியதுதான்.

பையன்கள் உடற்பயிற்சி செய்வது நல்ல காரியம். பான்பராக்கும் பாட்டிலும் தேடிப் போகிற வயதில் ஒருவன் தண்டால் எடுக்கிறான் என்றால் பெற்றோர் மகிழ வேண்டும், நாமும் மகிழ வேண்டும். அவன் புரதச் சத்து தேடி நம் கடைக்கு வந்தால் அது நமக்கு வியாபாரம். இதில் நமக்கு எந்த மாறுபாடும் இல்லை. நம் கவலை வேறு. புரதம் என்று சொல்லி விற்ற காலம் போய், இப்போது "ஹார்மோன் ரிசெப்டாரைத் தூண்டும்", "டெஸ்டோஸ்டிரோன் உணர்திறனைக் கூட்டும்", "இன்சுலின் உணர்திறனைச் சரிசெய்யும்" என்றெல்லாம் லேபிளில் அச்சிட்டு வருகிறார்கள். வாங்குகிற பையனுக்கு அது புரிவதில்லை. விற்கிற நமக்கும் புரிவதில்லை. புரியாத ஒன்றை நம் கல்லாவில் உட்கார்ந்து நம் பெயரில் விற்கலாமா என்பதுதான் கேள்வி.

சென்ற ஆண்டு நம் மொத்தக் கடைக்கு ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். நல்ல உடை, நல்ல பேச்சு. பத்து டின் எடுத்தால் இரண்டு டின் இலவசம் என்றார். துவரம்பருப்பில் கிலோவுக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் பார்க்கிற நமக்கு, ஒரு டின்னில் சில நூறு ரூபாய் நிற்கும் என்றால் காது நீளத்தானே செய்யும்? "இந்த ரிசெப்டார் என்றால் என்ன தம்பி?" என்று கேட்டோம். "அதெல்லாம் சயின்ஸ் அண்ணாச்சி, பசங்க கேட்க மாட்டாங்க" என்றார். பில் கேட்டோம். எஸ்டிமேட் சீட்டுதான் தருவோம் என்றார். அத்தோடு பேச்சை முடித்து, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டோம். ஆனால் அந்த "சயின்ஸ்" என்னவென்று தெரிந்துகொள்ளாமல் விட மனமில்லை. படித்தும், விவரம் அறிந்த மருத்துவரிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை நம் வணிகர்களுக்குப் புரியும்படி சொல்ல முயல்கிறோம்.

ஆர்டர் சீட்டும் கணக்கப்பிள்ளையும்

ஹார்மோன் என்பது உடலுக்குள் ஓரிடத்தில் சுரந்து, இரத்தத்தின் வழியாகப் போய், வேறோர் இடத்தில் வேலையைச் செய்யச் சொல்லும் பொருள். அதை ஓர் ஆர்டர் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். வெளியூரிலிருந்து நூறு ஆர்டர் சீட்டு வந்தாலும், குடோனில் அதை வாங்கிப் படித்து, மூடையை எடுத்துக் கட்டச் சொல்ல ஒரு கணக்கப்பிள்ளை இருந்தால்தானே சரக்கு நகரும்? அந்தக் கணக்கப்பிள்ளைதான் ரிசெப்டார். பள்ளிப் புத்தகத்தில் ஏற்பி என்று போட்டிருப்பார்கள்.

ஆண்களின் தசை வளர்ச்சிக்கு முக்கியமான ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன். விஞ்ஞானிகள் இதை 1935-ல் தனியே பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் ஆய்வுக்கூடத்திலும் செய்து காட்டினார்கள். இந்த ஹார்மோனுக்கான ஏற்பி தசைச் செல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஹார்மோன் உள்ளே வந்து அதனோடு சேர்ந்ததும், இரண்டும் செல்லின் உட்கருவுக்குள் போகின்றன. அங்கே "இன்ன புரதத்தைச் செய்" என்ற உத்தரவு பிறக்கிறது. தசை அப்படித்தான் வளர்கிறது. ஆகவே ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கணக்கு. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி எவ்வளவு இருக்கிறது என்பது இன்னொரு கணக்கு. இதுவரை லேபிள்காரர்கள் சொல்வது மெய்தான்.

மெய் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கனடா நாட்டின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏற்கனவே எடை தூக்கிப் பழகிய 49 இளைஞர்களுக்குப் பன்னிரண்டு வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். யாருக்குத் தசை அதிகம் வளர்ந்தது என்பதற்கும் இரத்தத்தில் ஓடிய ஹார்மோன் அளவுக்கும் சம்பந்தம் தென்படவில்லை. தசைக்குள் இருந்த ஏற்பியின் அளவுக்குத்தான் சம்பந்தம் தெரிந்தது. ஏற்பி அதிகமாக இருந்தவர்களுக்குத் தசை அதிகமாகக் கூடியது.

இதைப் பிடித்துக்கொண்டுதான் "எங்கள் டின் ஏற்பியைக் கூட்டும்" என்கிறார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. பன்னிரண்டு வாரம் கடுமையாகப் பயிற்சி செய்தும் அந்த இளைஞர்களின் ஏற்பி அளவு மாறவில்லை. அவரவருக்கு இருந்ததுதான் இருந்தது. அதாவது கணக்கப்பிள்ளைகளின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் பிறவியிலேயே வேறுபடலாம் என்பதைத்தான் அந்த ஆய்வு காட்டுகிறதே தவிர, டப்பாவில் அடைத்துக் கணக்கப்பிள்ளையை விற்கலாம் என்று அது சொல்லவில்லை.

பத்துப் பேர் கதை

டின்காரர்கள் காட்டும் இன்னோர் ஆதாரம் எல்-கார்னிடின் என்ற பொருள். இறைச்சியில் இயற்கையாக உள்ளது. நம் உடலும் தானே செய்துகொள்கிறது. அமெரிக்காவில் கிரேமர் என்ற விஞ்ஞானியின் குழு 2006-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. எடைப் பயிற்சி பழகிய பத்துப் பேருக்கு, தினம் இரண்டு கிராம் வீதம் மூன்று வாரம் இதைக் கொடுத்தார்கள். தசையில் டெஸ்டோஸ்டிரோன் ஏற்பியின் அளவு கொஞ்சம் கூடியிருந்தது. இதுதான் அந்த மாத்திரை டப்பாக்களின் மூலதனம்.

நாம் வியாபாரிகள். பத்து மூடையைக் குத்திப் பார்த்துவிட்டு ஒரு லாரிச் சரக்குக்கே விலை பேசிவிடுவோமா? அந்த ஆய்வில் பங்கு கொண்டவர்கள் பத்தே பேர். தசை எவ்வளவு வளர்ந்தது என்பது அதில் பார்க்கப்பட்டதே இல்லை, ஏற்பியைத்தான் அளந்தார்கள். அதோடு, டப்பாவில் அச்சிடாத ஒரு செய்தி அதே ஆய்வில் இருக்கிறது. பயிற்சி முடிந்த பிறகு சிலமுறை வெறும் தண்ணீரும், சிலமுறை மாவுச்சத்தும் புரதமும் கொழுப்பும் கலந்த பானமும் கொடுத்துப் பார்த்தார்கள். பானம் குடித்தபோது ஏற்பியின் அளவு கூடியது. கார்னிடின் எடுத்துக்கொண்ட காலத்திலும் கூடியது. எடுத்துக்கொள்ளாத காலத்திலும் கூடியது.

இதன் பொருள் என்ன? பயிற்சிக்குப் பின் வயிற்றுக்குச் சாப்பிட்டாலே அந்த வேலை நடக்கிறது. மாவுச்சத்தும் புரதமும் கொழுப்பும் கலந்த சாப்பாட்டை நம் மளிகைக் கடைகள் தலைமுறை தலைமுறையாக விற்றுக்கொண்டுதானே இருக்கின்றன? அதற்கு யாரும் ரிசெப்டார் என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பழைய கள், புதிய மொந்தை

இந்த மாதிரி வாக்குறுதி இப்போதுதான் முதல் தடவை வருகிறது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 1990-களில் குரோமியம் பிகோலினேட் என்ற மாத்திரை சக்கைப்போடு போட்டது. இன்சுலின் நன்றாக வேலை செய்யும், கொழுப்பு கரையும், தசை கூடும் என்று விற்றார்கள். 1996-ல் அந்நாட்டின் மத்திய வணிக ஆணையம் விற்பனையாளர்கள் மீது நடவடிக்கை எடுத்து, ஆதாரமில்லாமல் இப்படிச் சொல்லக்கூடாது என்று கட்டுப்படுத்தியது.

1998-ல் ஆண்ட்ரோஸ்டினிடயோன் வந்தது. மார்க் மெக்வயர் என்ற புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் அதைப் பயன்படுத்துகிறார் என்று செய்தி வந்ததும் கடைகளில் அள்ளிக்கொண்டு போனார்கள். மறு ஆண்டே வந்த ஓர் ஆய்வு, அதைச் சாப்பிட்ட இளைஞர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கூடவில்லை என்று காட்டியது. பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன்தான் கூடியிருந்தது; நல்ல கொழுப்பு குறைந்திருந்தது. 2004-ல் அரசாங்கம் அந்தச் சரக்கைத் தடுத்தது. ஸ்டாக் வைத்திருந்த கடைக்காரர் கதி என்ன ஆகியிருக்கும் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் நாட்டு மருந்துக் கடைச் சரக்கும் இந்த விளையாட்டுக்குத் தப்பவில்லை. நெருஞ்சில் முள்ளை டிரிபுலஸ் என்று பெயர் மாற்றி, ஆண்மை ஹார்மோனைக் கூட்டும் என்று கேப்ஸ்யூலில் அடைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆட்டக்காரர்களுக்கு ஐந்து வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007-ல் வந்தது. நெருஞ்சில் தின்றவருக்கும் தின்னாதவருக்கும் பலத்திலோ தசையிலோ வித்தியாசம் இல்லை. சிறுநீர்க் கடுப்புக்குக் கஷாயம் போடப் பத்து ரூபாய்க்குப் பொட்டலம் கட்டித் தரும் நெருஞ்சில், டப்பாவுக்குள் போனதும் ஆயிரம் ரூபாய் ஆகிவிடுகிறது.

அமுக்கராக் கிழங்கு கொஞ்சம் வேறு. அதைச் சாப்பிட்டவர்களுக்குப் பலமும் டெஸ்டோஸ்டிரோனும் சிறிது கூடியதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. அதே சமயம் டென்மார்க் நாடு 2023-ல் அதைத் தடை செய்தது. தைராய்டு ஹார்மோனையும் பாலின ஹார்மோன்களையும் அது பாதிக்கக்கூடும் என்பதே காரணம்.

இங்கேதான் நாம் சொல்ல வந்த கருத்து இருக்கிறது. ஒரு டின் உடம்பின் ஹார்மோனையோ ஏற்பியையோ உண்மையாகவே மாற்றுகிறது என்றால், அது மருந்து. மருத்துவர் சீட்டோடு மருந்துக் கடையில் விற்க வேண்டியது. மாற்றவில்லை என்றால், லேபிள் பொய். மருந்துக்கும் மளிகைக் கடையில் இடமில்லை, பொய்க்கும் இடமில்லை.

சர்க்கரைக்காரர்களின் விஷயம்

இதில் மிகவும் ஆபத்தானது "இன்சுலின் உணர்திறன்" என்ற சொல். பையன்கள் வாங்குவது ஒருபுறம் இருக்கட்டும். இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு அவர்களுடைய அப்பாமார்கள் வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள். இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு 2023-ல் மதிப்பிட்டது. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணி வரை கல்லாவில் உட்காரும் நம்மில் எத்தனை பேர் அந்தக் கணக்கில் இருக்கிறோம் என்பதை அவரவர் சட்டைப்பையில் இருக்கும் மாத்திரை அட்டையே சொல்லும்.

இன்சுலினும் ஓர் ஆர்டர் சீட்டுதான். இரத்தத்தில் உள்ள சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள் என்று அது தசைக்குச் சொல்கிறது. சர்க்கரை வியாதிக்காரர்கள் பலருக்குச் சீட்டு வந்தும் கணக்கப்பிள்ளை அசைவதில்லை. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். இதற்கு உடற்பயிற்சியைப் போல் எளிய வழி வேறில்லை. தசை வேலை செய்யும்போது இன்சுலின் சொல்லாமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. பயிற்சி முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் வரை இன்சுலின் பேச்சை நன்றாகக் கேட்கிறது. விட்டுவிட்டால் அந்தப் பயன் போய்விடும்; ஆகவேதான் ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது நடக்கச் சொல்கிறார்கள். இதற்கு டின் வேண்டாம், ஸ்கீம் வேண்டாம், முதலீடு வேண்டாம்.

இப்படி இருக்க, ஒரு டப்பாவைக் காட்டி "இது ரிசெப்டாரைச் சரிசெய்துவிடும்" என்று கடையில் ஒருவர் சொல்லிவிட்டால் என்ன நடக்கும்? வாங்கினவர் மாத்திரையை நிறுத்துவார். நிறுத்தின முதல் மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு கால் புண், கண், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகக் கதவைத் தட்டும். அந்த வீட்டார் கம்பெனியைத் தேடிப் போகமாட்டார்கள். "அண்ணாச்சி சொன்னார், வாங்கினோம்" என்பார்கள். இருபது வருடமாக அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மளிகைச் சிட்டை எழுதிக் கொடுத்த அண்ணாச்சியின் பெயர் அத்தோடு போயிற்று.

உள்ளே இருப்பது என்ன?

வாக்குறுதியை விட்டுவிடுவோம். லேபிளில் போட்ட சரக்காவது உள்ளே இருக்கிறதா? கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர்களும் அவர்களோடு சேர்ந்த ஆய்வாளர்களும் இந்தியாவில் விற்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்து 2024-ல் வெளியிட்டார்கள். பத்தில் ஏழு பவுடரில் புரத அளவு லேபிளில் போட்டபடி இல்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. ஏழில் ஒன்றில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருந்தது. பூசணம் பிடித்த கடலையில் வருமே, அதே நஞ்சு. சிலவற்றில் பூச்சி மருந்தின் எச்சமும் இருந்தது.

மிளகில் பப்பாளி விதை கலப்பதையும், துவரம்பருப்பில் கேசரிப் பருப்பு கலப்பதையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தால் நமக்குத் தெரிந்துவிடும். பவுடரில் அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. புரதத்தை அளக்கும் சாதாரணச் சோதனை உண்மையில் நைட்ரஜனைத்தான் அளக்கிறது. ஆகவே விலை மலிவான கிளைசின், டாரின் போன்றவற்றைக் கலந்து விட்டால் சோதனையில் புரதம் அதிகமாகத் தெரியும். சீனாவில் 2008-ல் பால் பவுடரில் மெலமைன் கலந்து குழந்தைகளைப் பலி கொண்ட கொடுமையும் இதே தந்திரத்தால் வந்ததுதான். எடைக்கல்லில் ஈயத்தைச் சுரண்டுகிறவனை நாம் ஊரை விட்டு விலக்குவோம். இது அதைவிடப் பெரிய சுரண்டல்.

இவற்றையெல்லாம் விடக் கொடியது, சப்ளிமெண்ட் என்ற பெயரில் ஸ்டீராய்டைக் கலப்பது. வெளிநாட்டுச் சோதனைகளில் இது திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போன்ற பொருளை உடம்புக்குள் விட்டால், மூளை "போதும்" என்று எண்ணி உள்ளே சுரப்பதை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு குறையும். தசை வேண்டுமென்று வாங்கின பையன், கல்யாணமாகிக் குழந்தை வேண்டுமென்று மருத்துவரிடம் நிற்பான். ஏன் என்று அவனுக்கே தெரியாது.

சட்டம் நம்மை எங்கே நிறுத்துகிறது?

"கம்பெனி அடைத்துத் தருகிறான், நாம் விற்கிறோம், நமக்கென்ன பொறுப்பு?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதன் 27-ஆவது பிரிவு விற்பவரின் பொறுப்பைத் தனியே சொல்கிறது. காலாவதியான சரக்கு, பொய் லேபிள் சரக்கு, யார் தயாரித்தது, யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாத சரக்கு, பாதுகாப்பற்றது என்று தெரிந்தே வாங்கிய சரக்கு இவற்றுக்கெல்லாம் கடைக்காரரே பதில் சொல்ல வேண்டும். பொய் லேபிளுக்கு மூன்று லட்சம் வரையிலும், தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. கம்பெனிக்காரர் கொடுத்த அட்டையைக் கடை முகப்பில் தொங்கவிடுவதும் விளம்பரம்தான் என்பதை மறக்கக்கூடாது.

2016-ல் வந்த விதிமுறைகள் சப்ளிமெண்டுகளில் ஹார்மோனோ ஸ்டீராய்டோ சேர்க்கக்கூடாது என்கின்றன. "மருத்துவ உபயோகத்துக்கு அல்ல" என்ற வாசகம் லேபிளில் இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. முன்பக்கத்தில் ரிசெப்டாரைச் சரிசெய்யும் என்று பெரிய எழுத்தில் போட்டு, பின்பக்கத்தில் மருந்தல்ல என்று எறும்பு எழுத்தில் போட்டிருக்கும் டின்னை நிதானமாகத் திருப்பிப் பாருங்கள். ஒரே டின் இரண்டு நாக்கால் பேசுவது தெரியும்.

அதே சட்டத்தில் நமக்குக் காப்பும் இருக்கிறது. மொத்த வியாபாரி தரும் முறையான பில்லே, சரக்கின் தரத்துக்கு அவர் எழுதித் தந்த உத்தரவாதமாகக் கருதப்படும். ஆகவே பில் என்பது வரிக்காரருக்குக் காட்டும் தாள் மட்டும் இல்லை. ஆபத்தில் நம்மைக் காக்கும் கவசம். எஸ்டிமேட் சீட்டில் வாங்கினால் கவசத்தைக் கழற்றிவைத்துவிட்டுச் சண்டைக்குப் போன கதைதான்.

"நாம் விற்காவிட்டால் வேறொருவன் விற்பான்"

இந்த வாதத்தை நாம் அலட்சியமாகத் தள்ளவில்லை. சூப்பர் மார்க்கெட்டும் ஆன்லைன்காரர்களும் நம் வியாபாரத்தைக் கொத்திக்கொண்டு போகிற காலத்தில், வருகிற லாபத்தை விடு என்று சொல்வது எளிது. கடை வாடகையும் ஆள் சம்பளமும் கொடுக்கிறவருக்குத்தான் கஷ்டம் தெரியும். ஆகையால் டின்னே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் உணவுதான். பல் இல்லாத பெரியவருக்கும், நோயில் இளைத்தவருக்கும், நேரமில்லாமல் ஓடுகிறவருக்கும் மருத்துவர் சொன்னால் அது உதவும். கிரியேட்டின் என்ற பொருளும் கடும் பயிற்சி செய்பவருக்கு ஓரளவு பயன் தருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அது வேலை செய்வது தசைக்கு உடனடிச் சக்தி கொடுப்பதால். ஹார்மோன் ஏற்பிக்கும் அதற்கும் சம்பந்தம் கட்ட வேண்டியதில்லை. உணவை உணவாக விற்போம். வாக்குறுதியை விற்க வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள்.

லாபத்தைப் பொறுத்தவரை, ஒரு டின்னில் வரும் ஐந்நூறு ரூபாயைவிட, ஒரு குடும்பம் முப்பது வருடம் மாதாமாதம் போடும் மளிகைச் சிட்டை பெரிது. ஆன்லைன்காரன் எல்லாவற்றையும் விலை குறைத்துத் தருவான். "அது உனக்கு வேண்டாம் தம்பி" என்று சொல்ல அவனுக்கு வாயில்லை. அந்த ஒரு வார்த்தைதான் நம்மிடம் மிச்சமிருக்கும் மூலதனம்.

நம் அலமாரியிலேயே இருக்கிறது

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், தசை வளர்ப்பதற்காகப் புரதப் பவுடர்களை எடுக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. சாதாரண மனிதருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும். எடைப் பயிற்சி செய்பவருக்குக் கூட 1.6 கிராமுக்கு மேல் போனால் தனிப் பயன் இல்லை. 60 கிலோ எடையுள்ள பையனுக்குக் கணக்குப் போட்டால், குறைந்தது 50 கிராம், அதிகபட்சம் 96 கிராம்.

இனி நம் கடைச் சரக்கைப் பாருங்கள். நூறு கிராமில் துவரம்பருப்பு, பாசிப்பயறு, கொள்ளு, பொட்டுக்கடலை இவற்றில் 22 கிராம் அளவுக்குப் புரதம். நிலக்கடலையில் 24, 25. மீல்மேக்கர் என்று நாம் விற்கும் சோயாவில் 50 கிராமுக்குக் குறையாது. ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசிச் சோறு, 75 கிராம் பருப்பு, 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல், 50 கிராம் நிலக்கடலை, 50 கிராம் மீல்மேக்கர், இரண்டு முட்டை. இவ்வளவும் சேர்ந்தால் ஏறக்குறைய 97 கிராம் புரதம் ஆகிவிடுகிறது. முட்டை சாப்பிடாதவர் அரை லிட்டர் பால் சேர்த்துக்கொள்ளலாம். சோறும் பருப்பும் சேர்ந்து வரும்போது ஒன்றில் குறைந்த சத்தை மற்றொன்று நிரப்பும். இதற்கு ஆகும் செலவை ஒரு டின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை நம் வணிகர்களின் மனக்கணக்குக்கே விட்டுவிடுகிறோம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இதை நம் கடைகள் வியாபாரமாகவும் ஆக்கலாம். பொட்டுக்கடலை, நிலக்கடலை, பயறு, கொள்ளு, மீல்மேக்கர் இவற்றைச் சிறு பாக்கெட்டுகளாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் எவ்வளவு புரதம் என்று எழுதி, ஜிம் போகும் வழியில் உள்ள கடைகளில் முன்னே அடுக்கிவைத்தால் பையன்கள் வாங்கமாட்டார்களா? லேபிளில் நாம் எழுதுவது அத்தனையும் மெய்யாக இருக்கும்.

நாம் வேண்டிக்கொள்வது

நம் சங்க உறுப்பினர்கள் ஐந்து காரியங்களில் உறுதியாக இருக்க வேண்டுகிறோம்.

ஒன்று, எஸ்டிமேட் சீட்டில் எந்தச் சப்ளிமெண்டையும் வாங்க வேண்டாம். பில்லில் விற்பவரின் உணவு லைசென்ஸ் எண் இருக்க வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து அது கட்டாயம்.

இரண்டு, டின்னில் 14 இலக்க லைசென்ஸ் எண், தயாரித்தவர் முகவரி, வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதி செய்தவர் முகவரி, காலாவதித் தேதி ஆகிய எல்லாம் தெளிவாக இருந்தால்தான் அலமாரியில் ஏற்ற வேண்டும்.

மூன்று, ஹார்மோன், ரிசெப்டார், டெஸ்டோஸ்டிரோன், இன்சுலின் என்று பேசும் டப்பாவை மளிகைக் கடையில் வைக்க வேண்டாம். அந்த வாசகம் உள்ள அட்டை, பேனர் எதையும் கட்ட விடவேண்டாம்.

நான்கு, பள்ளிப் பையன்கள் கேட்டால், வீட்டுப் பெரியவரை அழைத்து வரச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டு போகிறவன் நாளை அப்பாவோடு வருவான். அப்பா நம்மை மறக்கமாட்டார்.

ஐந்து, சர்க்கரைக்கு என்று எவர் கேட்டாலும் மருத்துவரைக் கேளுங்கள் என்ற ஒரே பதிலைக் கல்லாவில் இருப்பவரும், நம் கடைப் பையனும் சொல்லப் பழக வேண்டும்.

தராசின் முள்ளை நேராக வைத்திருப்பதை நம் முன்னோர் தொழில் தர்மம் என்றார்கள். அன்று எடைக்கு மட்டும் அது பொருந்தியது. இன்று லேபிளுக்கும் பொருந்த வேண்டும். அடுத்த மாதச் செயற்குழுவில் இதைப் பற்றி விவாதித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றுமாறு நம் சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். மாறுபட்ட கருத்துள்ள வணிகர்கள் எழுதினால் அதையும் இதே பக்கத்தில் வரவேற்போம்.